தெத்துப்பல் ராணி இன்று பேசவில்லை

என் தம்பிக்கு ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. வாயை வைத்துத்தான் தெரியும். தெருவில் எதிரே வருகிறவர் நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பான். அவர் சிரித்துவிட்டால் போதும், "ஓ, மேல் வரிசை, இடப்பக்கம் கொஞ்சம் தூக்கல்" என்று தனக்குள் முணுமுணுத்துவிட்டு, ரொம்ப நாள் பழகியவன் மாதிரித் தலையாட்டுவான்.

பல் செட் செய்வது அவன் தொழில். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவன் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல்லை அடுக்கிப் பார்த்து, ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்கில் செட்டாக்கி, மோட்டாரில் மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவான். ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் மென்று தின்பது இவன் புண்ணியத்தில்தான். ஆனால் அவர்களுக்கு டாக்டரைத்தான் தெரியும், இவனைத் தெரியாது. அது அவனுக்கு ரொம்ப வசதி. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவனுக்கு வாய் திறக்காது. ஒரே ஒரு தடவை திறந்தது. கல்யாணப் பேச்சு நடந்த வீட்டில், பெண்ணின் அப்பாவிடம், "உங்க பொண்ணு வலப்பக்கம் மெல்லறதே இல்ல, கடைவாயை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அக்கறையாகச் சொல்லி வைத்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வேறு பேச்சு தொடங்கவும் இல்லை.

நான் அதற்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எப்போது புறப்படும் என்று நாள் முழுக்கக் கத்துகிறவள். இரண்டு பிள்ளைகளுக்குமான பேச்சை நான் ஒருத்தியே வாரிக்கொண்டு வந்துவிட்டதாக அம்மா சொல்வாள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு தம்பியோடு வந்துவிட்டேன். மாடியில் வீடு, கீழே அவன் பட்டறை. பட்டறையில் அவன் என்ன செய்கிறான் என்று நான் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை, மோட்டார் சத்தமே சொல்லிவிடும். ஒரே சீராக ஓடினால் மெருகு போடுகிறான். ஏறி இறங்கி ஓடினால் கரடுமுரடைத் தேய்க்கிறான். வேலை எதுவும் இல்லாமல் சும்மா ஓடினால் அழுகிறான். அம்மா போனபோது மூன்று நாள் சும்மா ஓடியது. நான் கேட்கவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான், மக்கு.

ஆறு ஊருக்குள் வந்தது ஒரு விடியற்காலையில். பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். அலமாரியில் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பிளாஸ்டர் அச்சுகள் எல்லாம் ஊறி உதிர்ந்து கூழாகிவிட்டன. மாடியில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. எதிர்வரிசை வீடுகளில் மாடியே கிடையாது. அங்கேயிருந்து நனைந்த பாயும் உப்பிய கதவும் தெருவுக்கு வந்துகொண்டிருக்க, நாங்கள் காய்ந்த துணி உடுத்திக்கொண்டு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒளிப்பானேன்? அவனுக்கு அப்படி இல்லை. அன்றிலிருந்து கட்டிலை விட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்தான்.

"மெத்தை காஞ்சு கிடக்குல்ல, அதுல படேன்டா."

"உறுத்துதுக்கா."

"மெத்தையா?"

"இல்லக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் யாரோ இணையத்தில் ஒரு குழு தொடங்கினார்கள். 'ஆறு வந்த வீடுகள்' என்று பெயர். முதலில் எல்லாம் அழுகையும் அவசரமும்தான். அடுப்பு இருக்கிறதா, பாய் இருக்கிறதா, மாத்திரை கிடைக்குமா, காணாமல் போன பூனையைப் பார்த்தீர்களா. என் தம்பி 'பல்லுக்காரர்' என்ற பெயரில் சேர்ந்தான். பட்டறைக்குள் நிற்கிற தண்ணீரை இறைக்க வழி தெரியவில்லை என்று கூச்சத்தோடு ஒரு வரி போட்டான். மறுநாள் காலையில் முன்பின் தெரியாத மூன்று பேர் பம்போடு வந்து நின்றார்கள். அதில் ஒருவருக்கு வீட்டுச் சுவரே விழுந்திருந்தது. மத்தியானம் வரை இறைத்துவிட்டு, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். இவன் முகம் செத்துப்போயிற்று.

"சுவர் விழுந்தவன் வந்து எனக்கு இறைச்சுட்டுப் போறான். நான் மாடியில காலை நீட்டிப் படுத்துக்கறேன். அவங்களுக்கு நான் என்னக்கா செய்ய முடியும்? பல்லு செய்யலாம். அவங்களுக்கெல்லாம் பல்லு இருக்கே."

ஆனால் பல் இல்லாதவர்களும் இருந்தார்கள். பல் செட் போட்டுக்கொள்கிறவர்கள் தூங்கும்போது கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார்கள். ஆறு வந்ததும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான். உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடுகிறவன் டம்ளரையா தேடுவான்? டம்ளரோடு பல்லும் போயிற்று. தண்ணீர் வடிந்து சேற்றை வாரும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல் செட்டுகள் அகப்பட்டன. பார்த்தவர்கள் அலறினார்கள், பிறகு எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது. இவன் கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துண்டு விரித்து வரிசையாக அடுக்கினான். போட்டோ எடுத்தான். குழுவில் போட்டு இப்படி எழுதினான்:

'சேற்றில் சில சிரிப்புகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. உரியவர்கள் நேரில் வந்து, வாயைத் திறந்து காட்டிப் பெற்றுக்கொள்ளவும்.'

நாலு பேர் நடுவில் வாயே திறக்காத ஊமைக்கோட்டான் எழுதியது அது. நானே நம்பவில்லை. அரை மணி நேரத்தில் குழு தலைகீழாகிவிட்டது. 'இரண்டாவது வரிசையில் முதலாவது என் மாமியாருடையது. தயவுசெய்து திருப்பித் தராதீர்கள், இப்போதுதான் வீட்டில் அமைதி' என்று ஒருவர். அதே மாமியார் அதற்குக் கீழேயே, 'மாப்பிள்ளை, எனக்கும் போன் இருக்கிறது' என்று. பம்பு கொண்டுவந்த, சுவர் விழுந்த மனிதர், 'வெள்ளத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் பெண்டாட்டி சிரித்துப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு என் தம்பி எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றான். அன்று கட்டிலில் படுத்தான்.

சிலர் வந்து வாயைத் திறந்து காட்டித் தங்கள் பல்லை வாங்கிப் போனார்கள். மீந்தவற்றில் ஒன்று தனி ரகம். பல் செட் என்றால் எல்லாப் பல்லும் ஒழுங்காக வரிசையில் நிற்கும். இதில் முன்னால் ஒரு பல் வரிசையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. வேண்டுமென்றே வைத்த தெத்துப்பல். அது யாருடையது என்று தம்பிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவன் வாழ்நாளில் அப்படி ஒன்றுதான் செய்திருக்கிறான்.

ஆற்றோரத் தெருவில் குடியிருந்த தையல்காரம்மாவுக்காகச் செய்தது. டாக்டர் மாட்டிவிட்ட முதல் செட்டை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். "இது யாரு வாய் சார்? கண்ணாடியில யாரோ ஒரு பணக்காரி நிக்கறா. எனக்கு என் பல்லு வேணும்" என்று பழைய போட்டோ ஒன்றை மேசையில் வைத்தார். அதில் தெத்துப்பல் தெரிய அப்படி ஒரு சிரிப்பு. குண்டூசியை முன்பல்லில் கவ்விக்கொண்டால்தான் தனக்குப் பேச்சே வரும் என்றும், அதனால் முன்பல் கெட்டியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். சொன்னபடியே பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். என் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகும், கடிக்கிறது, ஆடுகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அவர் சில தடவை வந்தார். அவர் வந்துபோன நாளில் இவன் சாப்பிடும்போது தானாகச் சிரிப்பான்.

ஆகவே அந்தப் பல்லைத் தட்டில் பார்த்ததும் இவனுக்கு ஒரே குஷி. நிவாரண முகாமில் எங்கேயாவது இருப்பார், யாராவது போனில் காட்டுவார்கள், சண்டை பிடிக்க நேரே வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டான். வம்புக்கு இழுக்கத்தான் அதற்குத் தெத்துப்பல் ராணி என்று பெயர் வைத்து, தினம் காலையில் ராணி பேசுவதாக ஒரு வரி எழுத ஆரம்பித்தான்.

'டம்ளரில் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தேன். ஆறும் குளிக்க வந்தது. இடம் பற்றவில்லை, கிளம்பிவிட்டேன்.'

'மூன்று தெரு நீந்தினேன். ஒரு பிரிட்ஜ் என்னை முந்திக்கொண்டு போனது. ஹாரன்கூட அடிக்கவில்லை.'

'இன்று அதிகாரி சேதம் பார்க்க வந்தார். எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். நான் புதிதாகக் காட்ட என்ன இருக்கிறது?'

ஊரே இதற்குக் காத்திருந்தது. நானும்தான். ஒலிபெருக்கி அறைக்குள் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல், ஒருநாள் வடக்கே போகிற வண்டியைத் தெற்கே அனுப்பப் பார்த்தேன். சிரித்தவர்கள் சும்மாவும் போகவில்லை. ராணிக்குக் கீழேயே ஒருவர் தச்சர் வேண்டும் என்று கேட்பார், ராணி சிபாரிசு என்று தச்சர் வந்து நிற்பார். 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண்தான் எப்போதும் முதல் ஆள். எழுதுவது ஒரே கேள்வி. 'இன்றைக்கு ராணி என்ன சொல்றாங்க?' பெயருக்குப் பொருத்தமே இல்லாமல் பொழுது விடிவதற்குள் கேட்டுவிடுவாள்.

டாக்டர் கிளினிக்கைச் சுத்தம் செய்து மறுபடி திறந்ததும் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். வேலை கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "அந்தத் தெத்துப்பல்லு அம்மா பாவம்யா, வெள்ளம் வந்த அன்னைக்கே போயிட்டாங்க. உனக்குத் தெரியாதா?" என்றார்.

கொடுத்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். படியேறி வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"செத்தவங்க பல்லை வெச்சு ஊரைச் சிரிக்க விட்டிருக்கேன்க்கா."

"தெரியாமத்தானேடா செஞ்சே."

"தெரியாமயா? யாரு பல்லுன்னு தெரியும். ஆளு எங்கன்னு ஒருத்தரைக் கேட்டேனா? ஆத்தோரத் தெரு என்ன ஆச்சுன்னு போய்ப் பார்த்தேனா? தேடறதை விட்டுட்டு ஜோக்கு எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லாரும் கை தட்டறாங்கன்னு எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதில் பங்கு உண்டு. நானும் தேடச் சொல்லவில்லையே.

"அவங்க வீட்டு ஆளுங்க யாராவது பார்த்திருந்தா?" என்றான். பிறகு போனை எடுத்து, முதல் போட்டோவிலிருந்து கடைசி வரி வரை ஒன்றுவிடாமல் அழித்தான். குழுவிலிருந்தும் வெளியேறினான். கட்டிலை விட்டு மறுபடி தரைக்கு வந்துவிட்டான். வைத்த சோற்றைத் தொடவில்லை. குழுவில் நான் இருந்தேன், பார்த்தேன். ராணி எங்கே, பல்லுக்காரருக்கு உடம்புக்கு என்ன, யாராவது போய்ப் பாருங்கள் என்று ஒரே விசாரிப்பு. தூங்குமூஞ்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் நேரிலேயே வந்தாள்.

எனக்கு அன்று விடுமுறை. தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்துவிட்டு, தின்ன வைக்க வழி தெரியாமல் பட்டறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். முப்பது வயசு இருக்கும், யாருடையதோ தொளதொள சட்டை போட்டிருந்தாள். வாசலில் நின்று, "பல்லுக்காரர் நீங்களா? நான்தான் தூங்குமூஞ்சி" என்றாள். தம்பி எழுந்து நின்றான். அவள் இவனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள். நேரே போய் அந்தச் செட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்பல்லின் விளிம்பில் குண்டூசி கவ்விக் கவ்வி விழுந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தம்பிக்கு அதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. தெரியாம..." என்று ஆரம்பித்தான். அவள் முடிக்க விடவில்லை.

"ஏன் சார் எங்கம்மா ரெண்டு நாளா பேசல?"

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு... முதல்லயே தெரியுமா?"

"போட்டோவைப் பார்த்ததுமே தெரியும். எங்கம்மா பல்லு எனக்குத் தெரியாதா?" நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்காராமலே பேசினாள். "அடையாளம் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. பார்த்தேன். எனக்குத் தெரியல சார். வாய் உள்ள போயி, கன்னம் ஒட்டி, யாரோ மாதிரி இருந்தாங்க. இது எங்கம்மா இல்லன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பெத்த அம்மாவை இல்லன்னு சொல்லிட்டு வந்தேன். அப்புறம் சட்டைத் தையலைப் பார்த்துத்தான் ஆமான்னு கையெழுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் கண்ணை மூடினா அந்த முகம்தான். எங்கம்மா எப்படி இருப்பாங்கன்னே மறந்துபோச்சு. வீட்ல இருந்த போட்டோ எல்லாம் தண்ணியில போச்சு. உங்க தட்டுலதான் திரும்பப் பார்த்தேன். அப்படியே சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

தம்பி தட்டிலிருந்த துண்டின் ஓரத்தைச் சரிசெய்தான்.

"அன்னைக்கு விடியக்காலையில போன் பண்ணினாங்க. பல்லுகூட மாட்டல, கொழகொழன்னு பேச்சு. வீட்டுக்குள்ள ஆறு வந்திருக்குடி, உக்கார வைக்க நாற்காலி இல்லைன்னு ஒரே சிரிப்பு. தைக்கக் கொடுத்தவங்க துணியெல்லாம் பரண்ல ஏத்திட்டுப் போறேன்னாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. வாயை மூடிட்டு முதல்ல வெளிய ஓடும்மான்னு கத்திட்டு வெச்சுட்டேன். அதுதான் கடைசி. வாயை மூடுன்னு சொன்னதுதான் கடைசி." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அப்புறம் பார்த்தா நீங்க தினமும் பேச வெச்சீங்க. ஆறு குளிக்க வந்துச்சுன்னு எழுதினீங்களே, அது அப்படியே அவங்க பேச்சு. எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். திடீர்னு ஒண்ணு இல்ல. எல்லாம் காலி. முதல் தடவை ஆறு கொண்டுபோச்சு சார். ரெண்டாவது தடவை நீங்க."

இதைவிட அவள் அவனை அடித்திருக்கலாம். எழுதினதற்காக வெட்கப்பட்டு அழித்தான். இப்போது அழித்ததற்காகவும் சேர்த்துத் தலைகுனிந்து நின்றான்.

"நான் அவங்களைத் தேடியிருக்கணும்மா" என்றான்.

"தேடியிருந்தாலும் கிடைச்சிருக்க மாட்டாங்க" என்றாள். கோபம் தணியவில்லை, ஆனால் உட்கார்ந்தாள். "மறுபடி எழுதுங்க."

"எப்படிம்மா எழுதுவேன்? அப்போ தெரியாம எழுதினேன். இப்போ தெரிஞ்சே எழுதணுமே."

"தெரிஞ்சே எழுதுங்க. நான் தெரிஞ்சேதானே சிரிச்சேன்?"

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். தெரிந்தால் பாவம் பார்ப்பார்கள், அப்புறம் யாரும் சிரிக்க மாட்டார்கள், அம்மாவுக்கு அது பிடிக்காது என்றாள். பல்லை ஒரு டப்பாவில் போட்டுத் தருகிறேன் என்று நான் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். தோழி வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பதாகவும், வீடு கிடைக்கிறவரை இங்கேயே நாலு பேரோடு இருக்கட்டும் என்றும் சொல்லி, துண்டின் மேல் பழைய இடத்திலேயே வைத்தாள். போகும்போது வாசல்படியில் நின்று, "பிரிட்ஜ் ஹாரன் அடிக்கலைன்னு எழுதினீங்களே" என்று சொல்லிப் பாதியில் சிரித்துவிட்டாள். அதே இடத்தில் அதே தெத்துப்பல். என் தம்பி அதைப் பார்த்தான். அவன் அதைத்தானே முதலில் பார்ப்பான்.

மறுநாள் காலை குழுவில் மறுபடி சேர்ந்தான். தட்டைப் புதிதாகப் போட்டோ எடுத்தான். என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். ஒவ்வொரு வரியும் உறுத்துகிறது என்றான். உறுத்தட்டும், எழுது என்றேன். கடைசியில் போட்டான்:

'ராணிக்கு இரண்டு நாளாகப் பல்வலி. அதனால்தான் பேசவில்லை.'

சுவர் விழுந்தவரும் அந்த மாமியாரும் மருமகனும் கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால், வழக்கம்போல, தூங்குமூஞ்சி வந்துவிட்டாள்.

'இப்ப எப்படி இருக்காங்க?'

தம்பி போனை என்னிடம் நீட்டினான். "நீ போடேன்க்கா. என்னால முடியல." நான் வாங்கவில்லை. இது அவன் பட்ட கடன், அவன்தான் தீர்க்க வேண்டும். அவன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

'நல்லா இருக்காங்க. வாயை மூடவே மாட்டேங்கறாங்க.'

போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனான். அடுத்த நிமிஷம் மோட்டார் ஓட ஆரம்பித்தது. சும்மாதான் ஓடியது. நான் காதில் விழாதவள் மாதிரி வேலைக்குக் கிளம்பினேன்.